ட்ரான்சிட் விசா: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

போய்ச் சேரும் நாட்டின் விசா கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இடையில் விமானம் மாறும் நாட்டுக்கும் தனியாக ஒரு விசா, அதாவது ட்ரான்சிட் விசா, தேவைப்படலாம் என்பது, பலருக்குக் கட்டுநாயக்கவில் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. அந்த நேரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அக்கரைப்பற்றிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ இரவு முழுக்க வான் பிடித்து வந்தவர்கள் பெட்டிகளோடு திரும்ப வேண்டியதுதான்.

என் தங்கையை லண்டனில் இருக்கும் அவளது கணவரிடம் அனுப்பும்போது எங்கள் குடும்பம் இதில் நன்றாக அலைந்தது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை, நம் பகுதி ஆட்களுக்கு உதவும் ஒழுங்கில் இங்கே தருகிறேன். சாதாரண இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

1. குடிவரவைத் தாண்டுவீர்களா, மாட்டீர்களா?

எந்த நாட்டு விதியைப் படிக்குமுன்னும் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கி, பாதுகாப்புச் சோதனையை முடித்து, உள்ளாலேயே அடுத்த விமானத்தின் கேட்டுக்கு நடந்து போனால் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழையவில்லை. குடிவரவுக் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்தால் நுழைந்துவிட்டீர்கள். வெளியே நின்றது ஒரு மணித்தியாலம் என்றாலும் கணக்கு அதுதான்.

உள்ளேயே இருந்து மாறுகிறவர்களிடம் பல நாடுகள் விசா கேட்பதில்லை. வெளியே வருகிறவர்களுக்கு, அந்த நாட்டுக்கு இலங்கையர் விசா இல்லாமல் போக முடியாதென்றால், கட்டாயம் விசா வேண்டும். இவற்றோடு இன்னொரு தொகுதி நாடுகளும் உண்டு. விமான நிலையத்தை விட்டு ஓர் அடி வெளியே வைக்காவிட்டாலும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கும் நாடுகள் அவை. அதிகமானோர் மாட்டிக்கொள்வது அங்கேதான். மூன்றாம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

வெளியே வர வேண்டியிருக்கும் என்பது சில பயணங்களில் டிக்கெட்டைப் பார்த்ததும் தெரியாது. ஒரே ஊரில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பது முதல் சிக்கல். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கட்விக்கில் ஏறுவது, பாங்கொக்கில் சுவர்ணபூமியில் இறங்கி டொன் முவாங்கில் ஏறுவது, இஸ்தான்புல்லில் பெரிய விமான நிலையத்தில் இறங்கி சபிஹா கோக்சனில் ஏறுவது எல்லாம் இதில் அடங்கும். அடுத்தது உள்நாட்டு விமானம். சென்னையில் இறங்கி டில்லிக்கு உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து வெளிநாடு போவதென்றால் சென்னையிலேயே இந்தியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். மூன்றாவது, இரவு நிற்கும் பயணம். சில விமான நிலையங்களில் இரவில் ட்ரான்சிட் பகுதியை மூடிவிடுவார்கள். இடைவெளி இரவு முழுக்க நீண்டால், உள்ளே இருக்க விடுவார்களா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில், அதாவது ஒரே பி.என்.ஆரில் இருந்தால், வழக்கமாக உங்கள் பெட்டி கட்டுநாயக்கவிலிருந்து கடைசி ஊர்வரை நேராகப் போகும். இரண்டு விமானங்களையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டி நடுவில் உள்ள ஊரோடு நின்றுவிடும். அதை எடுக்க நீங்கள் வெளியே வர வேண்டும். வெளியே வர விசா வேண்டும்.

மலிவு டிக்கெட்டுகளின் ஆபத்து இதில்தான் இருக்கிறது. விலை ஒப்பிடும் இணையத்தளங்கள் தொடர்பே இல்லாத இரண்டு நிறுவனங்களின் விமானங்களைச் சேர்த்து ஒரே பயணம் போலக் காட்டும். “செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்” என்று ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருக்கும். அந்தச் சொல்லைக் கண்டால் அது இரண்டு டிக்கெட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினாலும் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

கோலாலம்பூரில் இது அடிக்கடி நடக்கும். முதலாம் டெர்மினலில் இறங்கி, தனியாக வாங்கிய எயார் ஏசியா டிக்கெட்டில் இரண்டாம் டெர்மினலில் ஏற வேண்டும் என்றால், குடிவரவைத் தாண்டித்தான் போக முடியும். மலேசியாவுக்கு இலங்கையருக்கு விசா வேண்டும். இ-விசாவாக முன்கூட்டியே எடுக்கலாம். சென்னையும் அப்படித்தான். ஒரே டிக்கெட்டில், 24 மணித்தியாலத்துக்குள், சர்வதேசப் பகுதியை விட்டு வெளியே வராமல் மாறினால் இந்திய விசா தேவையில்லை. கொழும்பிலிருந்தோ பலாலியிலிருந்தோ சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு நாட்டுக்கு இன்னொரு டிக்கெட் என்று எடுத்தால் இந்திய விசா இல்லாமல் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். இந்திய இ-விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வாரம் வைத்துக்கொள்வது நல்லது.

3. எந்த நாட்டில் மாறுகிறீர்கள்?

தோஹா, டுபாய், அபுதாபி: ஒரே டிக்கெட்டில், 24 மணித்தியாலத்துக்குள், உள்ளேயே மாறினால் விசா கிடையாது. நம் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ போகிறவர்களுக்கு இதைவிடச் சிக்கல் குறைந்த வழி இல்லை என்பது என் எண்ணம். இஸ்தான்புல்லிலும் உள்ளேயே மாறினால் விசா தேவையில்லை. டுபாயில் இறங்கி உறவினரைப் பார்த்துவிட்டுப் போக விரும்பினால் 48 மணித்தியால ட்ரான்சிட் விசா இலவசம், 96 மணித்தியாலத்துக்கு 50 திர்ஹம். சேவைக் கட்டணம் தனி. இதை விமான நிறுவனம் மூலம் புறப்படுமுன்பே எடுக்க வேண்டும்.

சிங்கப்பூர்: இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. வெளியே வருவதானால் மட்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் சிங்கப்பூர் அரசின் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் தங்களுக்குள் போய்வர விடும் நாடுகள்): ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி, சுவிட்சர்லாந்து எல்லாம் இதற்குள் வரும். பிராங்பேர்ட்டிலோ பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ சூரிச்சிலோ விமானம் மாறி ஷெங்கனுக்கு வெளியே போகிற இலங்கையர், உள்ளேயே இருந்தாலும், ஏ வகை விமான நிலைய ட்ரான்சிட் விசா எடுக்க வேண்டும். இந்த விதி எல்லா நாட்டவருக்கும் பொதுவானதல்ல. ஷெங்கன் விசாச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 12 நாடுகள் இருக்கின்றன, அதில் இலங்கையும் ஒன்று. பக்கத்து இருக்கையில் வரும் இந்தியர் ஒருவருக்கு வேறு விதி இருக்கலாம். அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

செல்லுபடியாகும் ஷெங்கன் விசா, அல்லது அமெரிக்கா, கனடா, ஜப்பான் விசா கையில் இருந்தால் இந்த ஏ விசாவிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கனடா விசாவோடு மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் பிராங்பேர்ட் வழியாகப் போகலாம். ஆனால் பிரித்தானிய விசா அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய பழக்கத்தில் இன்னமும் பலர் “தேவையில்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கை மாட்டியது இதில்தான். பிராங்பேர்ட் வழியாக டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்சியில், “லண்டன் விசா இருக்குத்தானே, இடையில ஒண்டும் கேக்க மாட்டாங்க” என்றார்கள். கட்டுநாயக்கவில் கேட்டார்கள். ஏற்றவில்லை. ஏஜென்சியில் பொறுப்பெடுக்க யாருமில்லை. நீர்கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் தங்கியிருந்து, தோஹா வழியாகப் புதிய டிக்கெட் வாங்கித்தான் அவள் போய்ச் சேர்ந்தாள். லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ போகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: ஐரோப்பிய நகரம் வழியாக எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஏ விசா எடுக்க நேரம் இல்லையென்றால் அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள்.

கட்டார் ஐடி, சவூதி இக்காமா போன்ற வளைகுடா வதிவிட அட்டைகளுக்கு இங்கே மதிப்பில்லை. அங்கே எத்தனை வருடம் வேலை செய்தாலும் ஏ விசாவுக்கு விலக்குத் தராது.

இன்னொன்று. பாரிஸில் இறங்கி, பிராங்பேர்ட் போய், அங்கிருந்து வெளியே பறப்பதென்றால் ஏ விசா போதாது. பாரிஸுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் இடையிலான பயணம் ஷெங்கனுக்குள் நடக்கும் பயணம். அதற்கு உள்ளே நுழையும் சி வகை விசா வேண்டும். சுவிஸுக்கு சி விசாவோடு போகிறவர்கள் பிராங்பேர்ட்டில் மாறினால் குடிவரவுச் சோதனை பிராங்பேர்ட்டிலேயே நடக்கும், சூரிச்சில் அல்ல. அந்த வரிசைக்கு நேரம் விட்டு அடுத்த விமானத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பிரித்தானியா: ஹீத்ரோவில் உள்ளேயே மாறினாலும் இலங்கையருக்கு நேரடி விமான நிலைய ட்ரான்சிட் விசா வேண்டும். வெளியே வந்து அடுத்த நாள் நள்ளிரவுக்குள் போய்விடுவதானால், அதற்கு வேறு பெயரில் வேறொரு ட்ரான்சிட் விசா இருக்கிறது. இரண்டையும் மாற்றி விண்ணப்பித்துப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு. அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து விசா செல்லுபடியாக இருந்தால் உள்ளேயே மாறுவதற்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் ஒட்டாத இ-விசா என்றால், விமான நிறுவனம் அதைக் கொடுத்த நாட்டோடு சரிபார்க்க முடிந்தால்தான் ஏற்பார்கள். அவுஸ்திரேலிய விசாக்காரர்கள் இதை டிக்கெட் எடுக்குமுன்பே கேட்க வேண்டும். சாதாரண ஷெங்கன் சி விசா பிரித்தானியாவில் விலக்குத் தராது. சுவிஸிலுள்ள மகனைப் பார்க்கப் போகும் தாய் ஹீத்ரோ வழியாகப் போனால் பிரித்தானிய ட்ரான்சிட் விசாவும் எடுத்தாக வேண்டும்.

அமெரிக்கா: இங்கே உள்ளேயே மாறுவது என்ற பேச்சே இல்லை. இறங்கும் முதல் விமான நிலையத்தில் எல்லோரும் குடிவரவைத் தாண்ட வேண்டும். நியூயோர்க் வழியாக ரொறன்ரோ போவதற்குக்கூட சி-1 என்ற ட்ரான்சிட் விசாவோ வருகையாளர் விசாவோ வேண்டும், அதற்குக் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம். இவ்வளவு பாடு பட வேண்டியதில்லை, வேறு வழியில் போங்கள்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மாறிப்போகும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா வேண்டும். இரண்டுமே இலவசம். கனடாவில் 48 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் 72 மணித்தியாலம் வரை. நியூசிலாந்து போகிறவர்கள் அவுஸ்திரேலிய ட்ரான்சிட் விசாவை மறந்துவிடுகிறார்கள்.

4. திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்துப் பாருங்கள்

போகும்போது கிடைத்த விலக்கு திரும்பும்போது இல்லாமல் போகலாம். கனடா விசாவைக் காட்டி லண்டன் வழியாகப் போன பெற்றோர், அங்கே தங்கும் காலத்தை நீட்டித்துக்கொள்கிறார்கள். இதற்கிடையில் பாஸ்போர்ட்டில் உள்ள விசா காலாவதியாகிவிடுகிறது. தங்கும் காலத்தை நீட்டித்துக் கொடுக்கும் கடிதம் விசா அல்ல. திரும்பும் நாளில் விசாவின் கடைசித் திகதி தாண்டியிருக்குமானால், வரும் பயணத்தை வளைகுடா வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஷெங்கனில் விதி கொஞ்சம் இளகியது. கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசாவைப் பயன்படுத்திவிட்டு அந்த நாட்டிலிருந்து திரும்புகிறவருக்கும் விலக்கு உண்டு.

கனேடியப் பாஸ்போர்ட் உள்ள மாமாவோடு இலங்கைப் பாஸ்போர்ட் உள்ள பாட்டி சேர்ந்து போனாலும் விதி ஒவ்வொருவருக்கும் தனித்தனி. டிக்கெட் போடும்போது பாட்டியின் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் வழியைத் தெரிவு செய்ய வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா.

5. எதை முதலில் எடுப்பது?

ட்ரான்சிட் விசா கொடுக்கிறவர்கள், போய்ச் சேரும் நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே முதலில் போகும் நாட்டின் விசா, பிறகுதான் ட்ரான்சிட் விசா. இரண்டு இடத்திலும் வழக்கமாகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதால் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் விண்ணப்பிப்பது கடினம். முதல் விசா வந்த பிறகு இன்னும் மூன்று வாரமாவது கையில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் ட்ரான்சிட் விசா கேட்காத வழியைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டுவதற்கு முன் பயண முன்பதிவை மட்டும் எடுத்து விண்ணப்பத்தோடு வைக்கலாம். பணம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

6. ஆவணங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகவும், இரண்டு பக்கங்கள் வெறுமையாகவும் இருக்கட்டும். ஷெங்கனுக்கு அந்தப் பாஸ்போர்ட் கடந்த 10 வருடங்களுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இவற்றோடு போய்ச் சேரும் நாட்டின் விசா, இரண்டு விமானங்களும் தெரியும் முன்பதிவுத் தாள், படம், இணையத்தில் நிரப்பிய விண்ணப்பத்தின் அச்சுப்பிரதி. ஷெங்கனுக்குப் படம் 35க்கு 45 மில்லிமீற்றர், வெளிர் நிறப் பின்னணி.

நம்மவர்களுக்குச் சிக்கல் தருவது பெயர். அப்பாவின் பெயர் பாஸ்போர்ட்டில் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் முதலெழுத்தாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், திருமணத்துக்குப் பின் எடுத்த அடையாள அட்டையில் வேறு பெயர். டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்க வேண்டும். டிக்கெட் கையில் வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளை தாயோடு மட்டும் போவதென்றால் தகப்பனின் சம்மதக் கடிதமும் சேர்த்து வையுங்கள்.

7. செலவும் நாட்களும்

ஷெங்கன் ஏ விசாவுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாட்களுக்குள் போனால் ஏற்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், மேலதிக விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். எந்த நாட்டில் விமானம் மாறுகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கனுக்குக் கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகாதிருந்தால் பழைய பதிவையே எடுத்துக்கொள்வார்கள்.

பிரித்தானிய நேரடி ட்ரான்சிட் விசா 2025 ஏப்ரலில் 39 பவுண்ட்ஸாக உயர்ந்தது. வெளியே வந்து போகும் வகை அப்போது 70 பவுண்ட்ஸ் ஆனது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். கட்டணம் இணையத்தில் அட்டையால் கட்ட வேண்டும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வங்கியில் கேளுங்கள். பணம் போகாமல் விண்ணப்பம் நடுவில் நின்றால் கைரேகைக்கு நேரம் எடுக்க முடியாது. அமெரிக்க சி-1 விசா 185 டொலர்.

விசா மறுக்கப்பட்டால் இந்தக் கட்டணங்கள் திரும்பக் கிடையா. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம், குறுஞ்செய்தி, கூரியர் என்று மேலும் கேட்பார்கள். சேவைக் கட்டணம் தவிர மற்றவை எல்லாம் வேண்டாம் என்று சொல்லலாம். கூரியரை மட்டும் எடுங்கள். பாஸ்போர்ட்டை வாங்க மறுபடி ஒரு முறை கொழும்பு போய்வரும் செலவை நினைத்தால் அது லாபம்.

கைரேகைக்கு வழக்கமாகக் கொழும்புதான் போக வேண்டும். மட்டக்களப்பிலிருந்தும் கல்முனையிலிருந்தும் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம், காலை பத்து மணிக்கு மேல் நேரம் எடுத்தால் போதும். ஆனால் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் அப்படி நம்ப வேண்டாம். மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூடப்படும். காரைதீவு, மாவடிப்பள்ளிப் பக்கத்திலும் வெள்ளம் வீதியை மறிக்கும். அந்த மாதங்களில் ஒரு நாள் முந்திப் போய்த் தங்குங்கள். விமானம் ஏறும் நாளுக்கும் இதே கணக்குத்தான்.

8. டிக்கெட் போடும் இடத்தில் கேட்க வேண்டியவை

ஏஜென்சியில் “ட்ரான்சிட் விசா தேவையா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். கேள்வியைத் துல்லியமாகக் கேளுங்கள். இலங்கைப் பாஸ்போர்ட், இந்த விசா, இந்த விமான நிலையம், இத்தனை மணித்தியாலம். டிமாட்டிக்கில் என்ன வருகிறது? டிமாட்டிக் என்பது விமான நிறுவனங்கள் விசா விதிகளைப் பார்க்கும் தரவுத்தளம். கட்டுநாயக்கவில் உங்களை ஏற்றுவதா இல்லையா என்று பார்ப்பதும் அதில்தான். அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வேறு இடம் போங்கள். விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் பயண மையத் தளத்திலும் பெரிய விமான நிறுவனங்களின் தளங்களிலும் நீங்களே பார்க்கலாம்.

முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரா, பெட்டி எந்த ஊர்வரை போகும், இறங்கும் டெர்மினலும் ஏறும் டெர்மினலும் எவை என்பவற்றையும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிரச்சினை வந்தால் வாய்ப்பேச்சுக்கு மதிப்பிருக்காது.

9. கட்டுநாயக்கவில்

கவுண்டரில் இருப்பவர்கள் கடுமையாக நடந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆவணம் சரியில்லாத ஒருவரை ஏற்றிப் போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம். பிரித்தானியா ஓர் ஆளுக்கு 2,000 பவுண்ட்ஸ் வரை அறவிடும். ஆகவே கெஞ்சிப் பயனில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே போய், போகும் நாட்டின் விசா, ட்ரான்சிட் விசா, முன்பதிவுத் தாள், டிமாட்டிக் அச்சு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் காட்டுங்கள்.

பெட்டியில் கட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா பாருங்கள். ஹீத்ரோ என்றால் எல்.எச்.ஆர், ரொறன்ரோ என்றால் வை.வை.இசட். நடுவில் உள்ள ஊரின் குறி மட்டும் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். இரண்டு போர்டிங் பாஸும் கையில் வாங்குங்கள். ஒன்று மட்டும் தந்தால், அடுத்ததை ட்ரான்ஸ்ஃபர் கவுண்டரில் வெளியே வராமல் எடுக்க முடியுமா என்று உறுதிப்படுத்துங்கள்.

விமானம் மாறும் இடத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. நூறு மில்லிலீற்றருக்கு மேல் உள்ள திரவமும் குழைவான பொருளும் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் போகாது. அச்சாறு, நெய், தேன் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். மருந்து, போன் சார்ஜர், ஒரு மாற்றுடுப்பு, கொஞ்சம் டொலர் கைப்பையில் இருக்கட்டும். அடுத்த விமானம் ரத்தானால் மற்றவர்களை ஹோட்டலுக்கு அழைத்துப்போவார்கள். விசா இல்லாத இலங்கையர் உள்ளேயே இருக்க வேண்டிவரும்.

10. வயதானவர்களைத் தனியாக அனுப்புவதானால்

ஆங்கிலம் தெரியாத அம்மா, அப்பாவை அனுப்பும்போது டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நடக்க முடிந்தவர்களும், நீண்ட தூரம் நடக்கச் சிரமம் என்றால், கேட்கலாம். விமானத்தின் கதவிலிருந்து அடுத்த கேட்வரை ஓர் ஊழியர் கூட்டிப்போவார், வழி தவறி வெளியே வந்து குடிவரவு வரிசையில் நிற்கும் ஆபத்து இல்லை. ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெயர், அடுத்த விமானத்தின் எண், நேரம், போய்ச் சேரும் ஊர், அங்கே காத்திருப்பவரின் தொலைபேசி எண் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இடைவெளி மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்த டிக்கெட்டை அவர்களுக்குப் போடாதீர்கள்.

11. கவுண்டரில் மறுத்துவிட்டால்

முதலில், என்ன ஆவணம் இல்லை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் மேற்பார்வையாளரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, விமானம் புறப்படுமுன்பே முன்பதிவை மாற்றவோ நிறுத்தவோ சொல்லுங்கள். எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தால் “வரவில்லை” என்று பதிந்து, திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்துச் செய்துவிடுவார்கள்.

அதே நிறுவனம் வேறு ஊர் வழியாகப் பறந்தால் வழியை மாற்றித் தர முடியுமா என்று அங்கேயே விசாரியுங்கள். வித்தியாசத்தைக் கட்டி மாற்றிக்கொள்வது சில வேளை புதிய டிக்கெட்டைவிட மலிவு. பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டாக இருந்தாலும் அதில் அடங்கிய விமான நிலைய வரிகளைக் கேட்டு வாங்கலாம். ஏஜென்சி மூலம் எடுத்ததென்றால் விண்ணப்பத்தை ஏஜென்சிதான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்த பதிலையும் கவுண்டரில் எழுதித் தந்ததையும் சேர்த்து, அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள்.